அட்மிட் ஆவதா, வந்துபோவதா? போதைச் சிகிச்சைக்கு இடம் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போதையிலிருந்து மீளச் சிகிச்சை தேடும் குடும்பங்களோடு பேசுவது என் வேலை. தொலைபேசியிலும் வெளிநோயாளிப் பிரிவிலும் குடும்பக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை குடியைப் பற்றியவை. மற்ற போதைப் பொருட்களுக்கு விடை மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் இன்றோடு நிறுத்தப் போகிறார் என்றால், மற்றதை விட்டுவிட்டு முதலில் 4-வது கேள்வியைப் படியுங்கள்.

1. அட்மிட் ஆகறதுக்கும் வந்துட்டுப் போறதுக்கும் என்ன வித்தியாசம்?

உள்நோயாளிச் சிகிச்சையில் நோயாளி அங்கேயே தங்குகிறார். இரவும் பகலும் ஆள் இருக்கும், போதைப் பொருள் கைக்கு எட்டாது. வெளிநோயாளிச் சிகிச்சையில் வீட்டிலிருந்து வந்து மருத்துவரையும், பேசி ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநரையும் பார்த்துவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

இரண்டுக்கும் நடுவே இன்னும் சில படிகள் உண்டு. வாரத்தில் 9 மணி நேரமாவது சிகிச்சை தரும் தீவிர வெளிநோயாளித் திட்டங்கள் இருக்கின்றன. பகல் முழுக்க மையத்தில் இருந்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகும் திட்டங்களும் இருக்கின்றன. அவற்றில் வாரம் 20 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். "அட்மிஷன் இல்லையென்றால் மாதம் ஒரு தடவை மாத்திரை" என்று இரண்டே வழிகள் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

தங்கும் இடங்களும் எல்லாம் ஒன்றல்ல. மருத்துவரும் செவிலியரும் எந்நேரமும் இருக்கும் மருத்துவமனை வார்டு ஒரு வகை. மருத்துவர் எப்போதாவது வந்து போகும் மறுவாழ்வு இல்லம் வேறு வகை. உடல்நிலை மோசமாக இருப்பவரை இரண்டாவது வகையில் கொண்டுபோய் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் ஆபத்து.

2. டீடாக்ஸ் பண்ணிட்டா சரியாயிடுமா?

இல்லை. உடம்பிலிருந்து போதைப் பொருள் விலகும் நாட்களை ஆபத்தில்லாமல் கடக்க வைப்பதுதான் டீடாக்ஸ். குடிக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கைநடுக்கம் நிற்கும், பசி எடுக்கும், முகம் தெளியும். ஆளே மாறிவிட்டார் என்று குடும்பம் நம்புவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆனால் குடிக்கத் தூண்டும் ஏக்கம் அப்படியே இருக்கிறது. சம்பள நாள், பழைய சேர்க்கை, தூக்கம் வராத ராத்திரி எதுவும் மாறவில்லை. சிகிச்சை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. டீடாக்ஸ் மட்டும் செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால், வெளியே வரும் நாளிலிருந்து எங்கே, யாரிடம் தொடரப் போகிறார் என்பதையும் சேரும்போதே முடிவு செய்யுங்கள்.

3. ஒழுங்கா வேலைக்குப் போறார், வீட்ல சத்தம் போடறதில்ல. இதுக்குப் போய் சிகிச்சையா?

வேலைக்குப் போவதை வைத்து அளக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கு செய்யும் அளவுக்கு வந்திருக்கலாம். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிக்கு அடிமையாகிவிட்டாரா என்று மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். எந்த மையத்திலும் சில நிமிடங்களில் இதைக் கேட்டுவிடுவார்கள்.

வேலையும் குடும்பமும் கையில் இருக்கும்போதே வருபவருக்குப் பெரும்பாலும் வெளிநோயாளிச் சிகிச்சையே போதும். அவ்வளவு சீக்கிரம் வருவதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

4. நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடமாட்டேன்னு சொல்றார். வீட்லயே நிறுத்தலாமா?

எவ்வளவு காலமாக, எவ்வளவு குடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. தினமும் நிறைய குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, பதற்றம், குமட்டல் தொடங்கும். இவற்றை விலகல் அறிகுறிகள் என்கிறோம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பும். இடம் தெரியாது, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் தெரிவார்கள், காய்ச்சல் அடிக்கும், இதயம் படபடக்கும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம்.

முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர், காலையில் நடுக்கம் அடங்குவதற்காகவே குடிப்பவர், ஈரல் அல்லது இதய நோய் உள்ளவர், தூக்க மாத்திரையும் சேர்த்து எடுப்பவர், தனியாக வசிப்பவர், கர்ப்பிணி, முதியவர்: இவர்கள் யாரும் மருத்துவரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வலிப்போ குழப்பமோ ஏற்கெனவே தொடங்கிவிட்டால் மறுவாழ்வு மையத்தைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

லேசான நிலையில் இருப்பவர் மருத்துவர் தரும் மருந்தோடு, தினமும் ஒரு தடவை பரிசோதனையோடு, கூடவே குடிக்காத ஒருவர் இருந்தால் வீட்டிலேயே நிறுத்தலாம். மருத்துவர்கள் 10 அம்சங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வைத்து விலகல் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு இதை முடிவு செய்வார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1 கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். நெடுங்காலம் குடித்தவர்களுக்கு அது குறைந்திருக்கும். கடுமையாகக் குறைந்தால் கண் அசைவும் நடையும் நினைவும் கெடும் மூளைப் பாதிப்பு வரும். கார்ல் வெர்னிக்கே என்ற மருத்துவர் 1881-லேயே விவரித்த நோய் இது. நேரத்தோடு ஊசி போட்டால் தடுக்கலாம்.

5. எங்க வீட்டுக்காரருக்கு அட்மிஷன் தேவையா இல்லையா? நேரா சொல்லுங்க.

பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று சொல்ல முடியும். அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கம் 1991-ல் ஆறு கோணங்களை வகுத்தது. அதைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். என் மொழியில் சொன்னால் அவை இப்படி: நிறுத்தினால் எவ்வளவு ஆபத்து? உடம்பில் வேறு என்ன நோய்? மனநிலை எப்படி, தற்கொலை எண்ணம் உண்டா? மாற வேண்டும் என்ற எண்ணம் எந்த அளவில் இருக்கிறது? விட்டுவிட்டு எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கிறார்? திரும்பிப் போகும் வீடும் சூழலும் எப்படிப்பட்டவை?

முதல் மூன்றில் ஒன்று மோசமாக இருந்தாலும் மருத்துவ வசதியுள்ள இடத்தில் அட்மிஷன்தான். முதல் மூன்றும் பரவாயில்லை, ஆனால் வீட்டிலேயே இன்னொருவரும் குடிக்கிறார், அல்லது வெளிநோயாளியாக வந்து பலமுறை பாதியில் விட்டிருக்கிறார் என்றால், தங்கும் சிகிச்சை உதவும். எல்லாமே ஓரளவு சரி, வீட்டில் துணை இருக்கிறது என்றால் வெளிநோயாளிச் சிகிச்சையில் தொடங்குங்கள்.

"அவர் எங்களைப் படுத்தும் பாடு தாங்கவில்லை, கொஞ்ச நாள் எங்கேயாவது இருக்கட்டும்" என்ற காரணம் இந்த ஆறில் இல்லை. அந்தக் களைப்பு உண்மையானது, உங்களுக்கும் உதவி தேவை. வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். அவருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

6. வெளிநோயாளியா போனா பலன் கம்மின்னு சொல்றாங்களே?

எல்லோருக்கும் அப்படி இல்லை. 1977-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், லண்டனில் மனநல மருத்துவர் கிரிஃபித் எட்வர்ட்ஸின் குழு குடிநோயுள்ள 100 மணமான ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான முழுச் சிகிச்சை, மறுபாதிக்கு மனைவியோடு உட்கார்த்திவைத்து ஒரே ஒரு முறை தெளிவான ஆலோசனை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீடும் மனைவியும் துணையாக இருந்தவர்களிடம் நடந்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. வலிப்பு வரக்கூடியவருக்கோ தெருவில் வசிப்பவருக்கோ இதைப் பொருத்திப் பார்க்க முடியாது.

வெளிநோயாளிச் சிகிச்சையின் பலம், குடிக்கத் தூண்டும் அதே தெருவில் நடந்துகொண்டே குடிக்காமல் இருக்கப் பழகுவது. அதன் பலவீனம், வராமல் போவது சுலபம். வராத நாளில் போன் செய்து விசாரிக்கும் மையமா என்று பாருங்கள். என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு பழக்கம் கட்டடத்தின் அழகைவிடப் பெரிய தகுதி.

7. தம்பிக்குக் குடி இல்ல, வேற போதை. அதே விதிதானா?

பொருளைப் பொறுத்து மாறும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் குடியைப் போலவே வலிப்பு வரலாம். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்யும் மருத்துவர் இருந்தால் பெரும்பாலும் வெளிநோயாளியாகவே முடியும்.

ஹெராயின், வலி மாத்திரைகள் போன்ற ஓபியாய்டு வகையில் விலகல் அறிகுறிகள் வாட்டி எடுக்கும், ஆனால் நேரடியாக உயிரைப் பறிப்பது அரிது. அங்கே பெரிய ஆபத்து பின்னால் வருகிறது, 20-வது கேள்வியில் பாருங்கள். கொகெயின், மெத்தாம்ஃபெட்டமைன் ஆகியவற்றுக்கு மருந்து என்று உறுதியாக நிலைநாட்டப்பட்டது எதுவும் இல்லை. பேச்சுவழிச் சிகிச்சையும், பரிசோதனையில் போதை இல்லை என்று வரும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தரும் முறையும்தான் பலன் தருகின்றன. இவற்றை நிறுத்திய முதல் நாட்களில் மனம் பாதாளத்துக்குப் போகும், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கஞ்சாவுக்குப் பெரும்பாலும் வெளிநோயாளிச் சிகிச்சை போதும். காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் இருந்தால் மட்டும் மனநல வார்டு தேவைப்படலாம்.

8. எத்தனை நாள் இருக்கணும்? எல்லா இடத்திலும் 28 நாள்னு சொல்றாங்க.

28 நாள் என்பது மூளை ஆறும் காலத்தைக் கணக்கிட்டு வந்ததல்ல. அமெரிக்க மையங்களின் வழக்கமாகத் தொடங்கி, காப்பீடு பணம் தரும் கால அளவாகி, உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம், தங்கியோ வந்துபோயோ 90 நாளுக்குக் குறைவாக எடுக்கும் சிகிச்சைக்குப் பலன் குறைவு என்கிறது.

90 நாளும் உள்ளேயே இருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு வாரம் தங்கி, அப்புறம் பல மாதம் வந்துபோவது பலருக்கும் நன்றாகப் பொருந்துகிறது. கையில் இருக்கும் பணம் முழுவதையும் முதல் மாதத்தில் கொட்டிவிட்டு மீதி மாதங்களுக்கு ஒன்றும் இல்லாமல் நிற்காதீர்கள்.

9. மாத்திரை கொடுக்கற இடம் வேண்டாம். ஒரு போதைய விட்டு இன்னொரு போதையா?

இந்தப் பயத்தால் நல்ல சிகிச்சையை இழந்தவர்கள் நிறைய பேர். குடிக்கான நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் போதை தருவதில்லை, பழக்கமாவதும் இல்லை. முதலாவதுக்கு ஈரலையும் இரண்டாவதுக்குச் சிறுநீரகத்தையும் பரிசோதித்துவிட்டுத் தருவார்கள். ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால் கடுமையான விலகல் அறிகுறிகள் உடனே கிளம்பும். அதனால் எல்லாவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓபியாய்டு நோய்க்கான மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் அதே வகையைச் சேர்ந்த மருந்துகள்தான். ஆனால் சரியான அளவில் தினமும் எடுப்பவருக்குப் போதை ஏறுவதில்லை, ஏக்கம் அடங்குகிறது, வேலைக்குப் போக முடிகிறது. சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. ஓபியாய்டு நோயாளியிடம் "எங்களிடம் மருந்தே கிடையாது, மன உறுதி மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்லும் மையத்தில் என் சொந்தக்காரர் யாரையும் சேர்க்க மாட்டேன்.

10. போன்ல என்ன கேட்கணும்? அவங்க பேசறத கேட்டா எல்லாமே நல்லா இருக்கு.

முதலில், அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். என்ன பொருள், எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரித்தால் மருத்துவம் தெரிந்த இடம். எதையும் விசாரிக்காமல் "வண்டி அனுப்பறோம், அட்வான்ஸ் கட்டுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

அப்புறம் நீங்கள் கேளுங்கள். அரசு உரிமம் யார் பெயரில் இருக்கிறது, எதற்கு வழங்கப்பட்டது? ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்? மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? ஓர் ஆற்றுப்படுத்துநருக்கு எத்தனை நோயாளிகள்? தனியாகப் பேசும் நேரம் உண்டா, குழுக் கூட்டம் மட்டும்தானா? குடும்பத்துக்கு என்ன செய்கிறீர்கள்? வெளியே போனதும் எத்தனை மாதம் தொடர்பில் இருப்பீர்கள்? மொத்தச் செலவு எவ்வளவு, பாதியில் போனால் எவ்வளவு திரும்ப வரும்? பணம் பற்றிய விடைகளை எழுத்தில் வாங்குங்கள்.

11. நேர்ல போய்ப் பார்த்தா எதைக் கவனிக்கணும்?

தங்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள், வரவேற்பறையோடு நிற்காதீர்கள். கழிப்பறையைப் பாருங்கள். மருந்து எங்கே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, யார் எடுத்துத் தருகிறார் என்று பாருங்கள். நோயாளிகள் ஊழியர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்களா, ஒதுங்கி நிற்கிறார்களா என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது. முடிந்தால், சிகிச்சை முடித்துப் போன ஒருவரோடு அவர் சம்மதத்தின் பேரில் தனியாகப் பேசுங்கள்.

12. நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு பேர் குணமாயிட்டாங்கன்னு விளம்பரம் போட்டிருக்காங்க. நம்பலாமா?

நம்ப வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகு 40 முதல் 60 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் மறுபடி தொடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து எடுப்பவர்களிடமும் நோய் திரும்பும் அளவு இதற்குக் குறைவில்லை. போதை நோய் அந்த வகையைச் சேர்ந்தது. நீண்டகாலம் கவனிக்க வேண்டியது, கவனித்தால் நன்றாக வாழ முடிவது.

அப்படிச் சொல்லும் மையத்திடம் "குணம் என்று எதைச் சொல்கிறீர்கள், எத்தனை மாதம் கழித்துக் கணக்கெடுத்தீர்கள், தொடர்பு விட்டுப்போனவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?" என்று கேளுங்கள். நேர்மையான இடம் சதவீதம் சொல்லத் தயங்கும். அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

13. உள்ள அடிப்பாங்க, கட்டிப்போடுவாங்கன்னு கேள்விப்பட்டோம். திருந்தறதுக்கு அது தேவைதானா?

தேவையே இல்லை. அடி, பட்டினி, அவமானப்படுத்துதல் எதுவும் சிகிச்சை அல்ல, குற்றம். போதைப் பழக்கம் உள்ளவர்களைக் கட்டாயமாக அடைத்துவைக்கும் மையங்களை மூட வேண்டும் என்று 2012-ல் 12 ஐ.நா. அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன.

முதல் சில நாட்கள் போனைக் கட்டுப்படுத்துவது பல நல்ல இடங்களிலும் உண்டு. ஆனால் வாரக்கணக்கில் குடும்பத்தைப் பார்க்கவே விடாத இடத்தைச் சந்தேகியுங்கள். பார்க்கப் போகும்போது ஐந்து நிமிடமாவது தனியாகப் பேச விடச் சொல்லுங்கள். "அடிக்கிறார்கள்" என்று அவர் சொன்னால், தப்பித்து வருவதற்குச் சொல்லும் பொய் என்று தள்ளிவிடாமல் விசாரியுங்கள்.

14. வரவே மாட்டேங்கறான். தூக்கிட்டுப் போய் சேர்த்துடலாமா?

சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. தனக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மருத்துவமனை மூலமாக வழி உண்டு. ஆள் வைத்துத் தூக்கிப்போவது அந்த வழி இல்லை. அப்படிப் போனவர் சிகிச்சையைவிட உங்கள் மேல் கோபத்தைத்தான் வளர்த்துக்கொண்டு வருவார்.

இதைவிட நன்றாக வேலை செய்யும் வழி இருக்கிறது. உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் வகுத்த 'கிராஃப்ட்' என்ற முறையில் முதலில் குடும்பத்துக்குத்தான் பயிற்சி. குடிக்காத நேரத்தில் அன்பாக இருப்பது, குடித்த நேரத்தில் வாதம் செய்யாமல் விலகுவது, குடியால் வந்த விளைவை நாமே போய்த் துடைக்காமல் இருப்பது, அவரே மனம் வருந்தும் நேரம் பார்த்துச் சிகிச்சைப் பேச்சை எடுப்பது. 1999-ல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில் இந்த வழியில் போன குடும்பங்களில் 64 சதவீதம் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தன. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து திடீரென்று எதிர்கொள்ளும் முறையில் அது 30 சதவீதம்தான். அவர் வராவிட்டாலும் நீங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்குப் போய் ஆலோசனை கேட்கலாம்.

15. சாப்பாட்ல கலந்து கொடுத்தா குடிய வெறுத்துடுவாங்களாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிக் கலப்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறும். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு வரலாம். என்ன நடக்கும் என்று தெரிந்து, சம்மதித்து, கண்காணிப்போடு எடுப்பவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் விழுங்கிவிட்டு வழக்கம்போல் குடிப்பவர் இறந்துபோகலாம். "என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல மாட்டோம்" என்று விற்கும் பொடிகளுக்கும் இதே பதில்தான்.

16. குடியோட மனச்சோர்வும் இருக்கு. முதல்ல எதுக்குப் பார்க்கறது?

இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். "குடியை விட்டுட்டு வாங்க, அப்புறம் மனசைப் பார்ப்போம்" என்று ஓர் இடமும், "மனசு சரியானதும் வாங்க" என்று இன்னோர் இடமும் மாறி மாறி அனுப்பினால் அவர் நடுவில் விழுந்துவிடுவார். குடியாலேயே வந்த மனச்சோர்வு, நிறுத்திய சில வாரங்களில் தானாகவே குறையலாம். அதனால் மருத்துவர் கொஞ்சம் காத்திருந்து மருந்து முடிவு செய்தால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். தற்கொலைப் பேச்சு வந்தால் மட்டும் காத்திருப்பே கூடாது.

17. நான்தான் குடிக்கிறேன். நான் ஒரு பெண், சின்னக் குழந்தைங்க இருக்கு. எங்க போறது?

இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பெண்களுக்குத் தனி வார்டும் பெண் ஊழியர்களும் உள்ள இடத்தைக் கேளுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் பகல்நேரச் சிகிச்சை ஒரு நல்ல நடுவழி. கர்ப்பமாக இருந்தால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஓபியாய்டு எடுக்கும் கர்ப்பிணிகளுக்கு முழுவதும் நிறுத்துவதைவிட மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபினில் தொடர்வதையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

18. பணம் இல்ல. விலை கூடின இடம்தான் நல்லதா?

இல்லை. நீச்சல் குளமும் மலைக்காட்சியும் குணமாக்குவதில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் டீடாக்ஸ், வெளிநோயாளிச் சிகிச்சை, பக்கத்தில் இலவச சுய உதவிக் கூட்டம் மூன்றையும் சேர்த்தால் பல தனியார் மையங்கள் தருவதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். கடன் வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

19. சேர்த்து அஞ்சு நாள்தான் ஆச்சு, கூட்டிட்டுப் போங்கன்னு அழறார். என்ன செய்ய?

முதல் வாரத்தில் இது சகஜம். தூக்கம் வராது, ஏக்கம் உச்சத்தில் இருக்கும். "இன்னும் மூன்று நாள் பார்ப்போம், அப்புறம் பேசுவோம்" என்று சின்ன கெடு வைப்பது உதவும். ஊழியர்களையும் வைத்துக்கொண்டு அவர் எதைத் தாங்க முடியவில்லை என்கிறார் என்று கேளுங்கள். பல சமயம் மருந்து அளவைச் சரிசெய்தாலே அடங்கிவிடும். 13-வது கேள்வியில் சொன்ன மாதிரி ஏதாவது நடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அப்படியும் போயே தீருவேன் என்றால், மருந்தோடும் அடுத்த வெளிநோயாளித் தேதியோடும் வெளியே வரட்டும். சண்டை போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தால் திரும்பிப் போவது கஷ்டம்.

20. வெளிய வந்ததும் முதல் மாசம் ஏன் ஆபத்துங்கறாங்க?

ஓபியாய்டு எடுத்தவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களில் இறப்பு அதிகமாவது இதனால்தான். 9-வது கேள்வியில் சொன்ன மருந்துகளைத் தொடர்வதுதான் பெரிய பாதுகாப்பு. ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து கிடைக்கும் இடத்தில் வீட்டில் வாங்கி வைத்து, எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள்.

குடியை விட்டவருக்கும் முதல் மாதம் வழுக்கும் காலம்தான். வெளிவரும் தேதிக்கு முன்பே முதல் வெளிநோயாளி நாளைக் குறித்துவிடுங்கள். அந்த நாள் ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும்.

21. ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனாப் போதாதா? மருத்துவமனை எதுக்கு?

1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கியது ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள்பவர்களின் சுய உதவிக் குழு. கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. 2020-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அந்தக் கூட்டங்களில் ஈடுபட வைக்கும் முறையான சிகிச்சை, குடிக்காமல் தொடர்வதில் மற்றப் பேச்சுவழிச் சிகிச்சைகளைவிட முன்னே நிற்பதாகச் சொல்கிறது. ஆகவே அதை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு வேறு குழுக்களும் உண்டு.

ஆனால் கூட்டத்தில் வலிப்புக்கு மருந்து கிடையாது. 4-வது கேள்வியில் சொன்ன ஆபத்து உள்ளவர் முதலில் மருத்துவரிடம், அப்புறம் கூட்டத்துக்கு. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லி ஒரு சக உறுப்பினர் வற்புறுத்தினால் கேட்க வேண்டாம்.

22. மூணு தடவ அட்மிட் பண்ணியாச்சு. வந்து மறுபடி குடிக்கிறார். நாலாவது தடவையும் அதே இடமா?

முதலில், மூன்று தடவையும் எதற்குப் பிறகு குடித்தார் என்று எழுதிப் பாருங்கள். மூன்றும் வெளியே வந்து இரண்டு வாரத்துக்குள் என்றால், உள்ளே நடந்த சிகிச்சையைவிடப் பின்தொடர்வு இல்லாததுதான் காரணமாக இருக்கும். இன்னொரு 28 நாள் அதை மாற்றாது. தீவிர வெளிநோயாளித் திட்டமும் மருந்தும் மாற்றலாம். ஏக்கத்துக்கான மருந்து ஒருமுறையாவது கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா? பல குடும்பங்களில் இல்லை என்றே பதில் வருகிறது. 16-வது கேள்வியில் சொன்ன மனநோய் ஏதாவது கண்டுபிடிக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நடுவில் எட்டு மாதம் குடிக்காமல் இருந்திருக்கிறார் என்றால் அந்த எட்டு மாதத்தையும் கேளுங்கள். அப்போது என்ன மருந்து, யாரோடு பேசினார், நாளை எப்படிக் கழித்தார் என்பது புது மருத்துவருக்கு மிகவும் உதவும். பழைய மையத்திடமிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து, எவ்வளவு நாள், ஏன் நின்றது என்று அதில் இல்லையென்றால் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி, முதல் சந்திப்புக்கு அதையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.